இங்கிலாந்துக் குக்கிராமத்தில் 1600களில் கட்டிய வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன், பழங்காலக் கட்டிடங்களின் பட்டியலை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையதளத்தில் அதன் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். 1700க்கு முன் கட்டி, ஓரளவு பழைய உருவத்திலேயே நிற்கிற வீடு அநேகமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும்.

பட்டியலில் இருப்பவற்றில் பத்துக்கு ஒன்பது, மூன்று தரங்களில் கடைசியான கிரேடு 2 தான். "கிரேடு 2 தானே, முகப்பை மட்டும் தொடக்கூடாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, உத்தரம், கணப்படுப்பு எல்லாம் அதில் அடக்கம். 1948 ஜூலைக்கு முன்பிருந்தே அந்த வளாகத்துக்குள் நிற்கும் மதிலும் கொட்டகையும்கூட அடக்கம்தான்.

அனுமதி இல்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம். இதில் பெரிய வில்லங்கம் என்னவென்றால், 30 வருஷத்துக்கு முன் வேறு யாரோ சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கியிருந்தாலும், பழையபடி கட்டித்தரச் சொல்லி கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நோட்டீஸ் அனுப்பினால் அது இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். காலக்கெடு எதுவும் கிடையாது. அதனால் புதிதாகத் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் கடிதத்தை உங்கள் வக்கீல் மூலம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈரம். என்னைக் கேட்டால் கூரையைவிட இதுதான் முக்கியம். நான் இருப்பது ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கம். ஓக் மரச்சட்டம் போட்ட கறுப்பு வெள்ளை வீடுகள் இங்கே நிறைய. (அந்தக் கறுப்புச் சாயம் பல வீடுகளில் விக்டோரியா காலத்து மோகம். ஓக்கை அப்படியே விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும், எனக்கு அதுதான் அழகு.) நண்பர் ஒருவருக்காக அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். சட்டங்களுக்கு நடுவே குச்சிப் பின்னலும் களிமண்ணும் சுண்ணாம்புப் பூச்சும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. தரையை ஒட்டிய அடிச்சட்டத்தைக் கார் சாவியால் குத்தினேன், சாவி பாதிவரை உள்ளே இறங்கியது. சுண்ணாம்பு என்றால் உள்ளே போன ஈரம் தானாக வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்து மரத்தின் பக்கம் தள்ளிவிடும். மரம் ஊறி ஊறி உளுத்துப்போகும். அதை அறியாமல் சுவரில் ரசாயன ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று விற்க வருவார்கள், காசு தண்டம்.

எனவே வாங்கும் முன் வீட்டை முழுசாக ஆராய்ந்து தரும் ஆர்ஐசிஎஸ் (பிரிட்டிஷ் சர்வேயர்கள் அமைப்பு) லெவல் 3 சர்வேதான் எடுக்க வேண்டும், அதிலும் பழைய மரச்சட்ட வீடுகளில் பழக்கம் உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு முன்பு இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) சலுகையும் 2012 அக்டோபரோடு போய்விட்டது. இப்போது 20 சதவீதம் முழுசாகக் கட்ட வேண்டும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். குக்கிராமங்களில் பெரும்பாலும் எரிவாயுக் குழாயும் இருக்காது, பாதாளச் சாக்கடையும் இருக்காது. செப்டிக் டேங்க் நீர் நேராக ஓடையில் விழுகிறதா என்று கேளுங்கள். இப்போது அதற்கு அனுமதியில்லை. விழுகிறது என்றால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.