கணவரோட கான்ட்ராக்ட்ல என் பேரும் இருக்கு, நான் கவுன்சிலருக்கு நிக்கலாமா?

கோவையில இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வயசு 36, அடுத்த மாநகராட்சி தேர்தல்ல சுயேச்சையா நிக்கணும்னு ஆசை. கணவர் மாநகராட்சிக்கு போர் மோட்டார் ரிப்பேர் பாக்கற கான்ட்ராக்ட் எடுத்து பண்றார், ஆனா அந்த பார்ட்னர்ஷிப் ஃபர்ம்ல கணவரும் இவங்களும் ரெண்டே பேர்தான் பார்ட்னர். குடியிருக்கற வீடு மாமனார் பேர்ல, அதுக்கு சொத்து வரி பாக்கி. தண்ணி வரலைனு குடத்தோட ரோட்ல உக்காந்ததுக்கு இவங்க மேல ஒரு கேஸ் கோர்ட்ல நடக்குது. "வீட்டு வரி பாக்கியால என் வேட்புமனு தள்ளுபடி ஆயிடுமா சார்"ங்கறதுதான் அவங்க முக்கியமான கேள்வி. கடைசி வரியில போற போக்குல, "அப்பா சீரா குடுத்த ஒரு சைட் மட்டும்தாங்க என் பேர்ல இருக்கு"னு முடிச்சிருக்காங்க.

சகோதரி, நீங்க பயப்படற விஷயம் ஒண்ணு, பயப்பட வேண்டிய விஷயம் வேற. மாமனார் வீட்டு வரியில உங்க மனு போகாது. வேட்பாளரே மாநகராட்சிக்கு கட்ட வேண்டிய பாக்கி, அதுவும் போன நிதியாண்டு வரைக்குமானது, அதுக்கு பில்லோ நோட்டீஸோ முறையா வந்து அதுல சொன்ன கெடுவும் தாண்டியிருக்கணும், அப்பத்தான் தகுதியிழப்பு. மாமனார் கட்டாதது மாமனார் பாக்கி. ஆனா அந்த சீர் சைட் இருக்கே, அதுக்கு காலிமனை வரி கட்டியிருக்கீங்களா? முக்கால்வாசி பேர் சைட் வாங்கறதோட சரி, வரி நம்பரே போட்டிருக்க மாட்டாங்க. பில்லே வரலைனா தகுதியிழப்பு இல்லைனு வாதாட முடியும்தான், ஆனா அந்த வாதத்தை வேட்புமனு பரிசீலனை டேபிள்ல நின்னுட்டு பண்றதுக்கு பதிலா இப்பவே வார்டு ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்கிடறது மேல். மாமனார் வரியையும் சேத்தே கட்டிடுங்க, சட்டத்துக்காக இல்ல, தெருவுல பேச்சு வரக்கூடாதுங்கறதுக்காக.

நிஜமான பிரச்சனை அந்த பார்ட்னர்ஷிப்தான். மாநகராட்சியோட நடப்புல இருக்கற ஒப்பந்தத்துல ஆதாயம் இருக்கறவங்க கவுன்சிலரா நிக்க முடியாது. "நான் பேருக்குத்தான் சார் பார்ட்னர், கையெழுத்து போடறதோட சரி"னு நீங்க சொல்வீங்க, எல்லா வீட்லயும் அப்படித்தான், ஆனா பார்ட்னர்ஷிப் பத்திரத்துல, அதாவது டீட்ல, பேர் இருந்தா லாபத்துல பங்கு இருக்குனு அர்த்தம், அதுக்கு மேல யாரும் விசாரிக்க மாட்டாங்க. எதிர்ல நிக்கறவர் ஏஜென்ட் ஒர்க் ஆர்டர் ஜெராக்ஸையும் ஃபர்ம் பதிவு நகலையும் ஒரு கிளியர் ஃபைல்ல போட்டு நீட்டுவார், தேர்தல் நடத்தும் அலுவலர் கண்ணாடிய போட்டு ரெண்டு தடவை படிப்பார், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். நான் வக்கீலா ஒரு கட்சிக்காரருக்காக போய் நின்னப்ப இதே மாதிரி பாத்திருக்கேன், அவர் விலகல் பத்திரம் கையில வெச்சிருந்தார், தேதி மட்டும் மனு போட்டதுக்கு அடுத்த நாள்.

அப்ப விலகிடலாமேனு உடனே டீட் எழுத ஓடாதீங்க. ரெண்டே பேர் இருக்கற ஃபர்ம்ல ஒருத்தர் விலகினா மிச்சம் ஒருத்தர்தான், பார்ட்னர்ஷிப்ங்கறதே அங்க இல்லாம போயிடும், ஃபர்ம் கலைஞ்சதா ஆயிடும். ஃபர்ம் பேர்ல இருக்கற ஒப்பந்தம், ஒப்பந்ததாரர் பதிவு, ஜிஎஸ்டி நம்பர், பேங்க் அக்கவுன்ட் எல்லாத்துலயும் கேள்வி கிளம்பும், உங்க வீட்டுக்காரர் பொழப்பும் போயிடும். அதனால முதல்ல நம்பிக்கையான ஒருத்தரை, கொழுந்தனாரோ யாரோ, பார்ட்னரா உள்ள கொண்டு வாங்க, அப்புறம் நீங்க விலகுங்க. ஃபர்ம் பதிவாளர்கிட்ட மாற்றத்தை பதிவு பண்ணணும், பேப்பர்ல அறிவிப்பு குடுக்கணும், ஜிஎஸ்டில 15 நாளுக்குள்ள திருத்தணும், மாநகராட்சிக்கும் எழுத்துல தெரியப்படுத்தி அத்தாட்சி வாங்கணும், பேங்க்ல உங்க கையெழுத்து அதிகாரத்தை எடுக்கணும். இதெல்லாம் மனு போடற தேதிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

"வேலை முடிஞ்சிருச்சு, பில் பணம் மட்டும் வரணும், அதுவும் கணக்கா?"னு சில பேர் கேப்பாங்க. எம்எல்ஏ, எம்பி தேர்தலுக்கான மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 9ஏ பிரிவு விளக்கத்துல, ஒப்பந்ததாரர் தன் வேலைய முழுசா முடிச்சுட்டா அரசு பணம் தரலைங்கறதுக்காக மட்டும் அது நடப்பு ஒப்பந்தம் ஆகாதுனு இருக்கு. அந்த சலுகை கவுன்சிலர் தேர்தல்லயும் அப்படியே கிடைக்கும்னு நம்பி நான் யாரையும் இறக்கிவிட மாட்டேன், பில்ல வாங்கி கணக்கை முடிச்சுட்டு நில்லுங்க. நீங்க விலகின பிறகு கணவர் அதே தொழிலை பண்ணலாமானா, அவர் மனைவிங்கற ஒரே காரணம் உங்களுக்கு ஆதாயம் ஆகாதுங்கறது என் கருத்து, ஆனா ஃபர்ம் பணம் ஜாயின்ட் அக்கவுன்ட்ல வந்து விழுந்தா அந்த வாதம் நிக்காது.

மறியல் கேஸ் ஒண்ணும் பண்ணாது. நிலுவையில இருக்கற வழக்கு தகுதியிழப்பு இல்ல, தண்டனை ஆனாத்தான் சிக்கல். ஆனா வேட்புமனுவோட குடுக்கற உறுதிமொழி பத்திரத்துல மறைச்சீங்கனா ஜெயிச்சாலும் போயிடும். உங்க ஊர் பக்கமே நடந்தது, மேட்டுப்பாளையம் தாலுகா தேக்கம்பட்டி ஊராட்சி தலைவர் 2006 தேர்தல்ல தன் மேல இருந்த வழக்கு விவரத்தை முழுசா சொல்லலைனு தேர்தலே செல்லாதுனு ஆச்சு, 2015ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. குற்ற எண், பிரிவு, எந்த கோர்ட், குற்றப்பத்திரிகை தாக்கல் ஆச்சா, எல்லாம் எழுதுங்க. குடத்தோட உக்காந்த கேஸ் உங்களுக்கு ஓட்டுதான் வாங்கித் தரும்.

மனுவை தப்பா தள்ளுபடி பண்ணா ஹைகோர்ட்ல ரிட் போட்டு நிறுத்திடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1952லயே நாமக்கல் தொகுதி வேட்பாளர் பொன்னுசாமி வழக்குல, தேர்தல் நடக்கறப்ப நடுவுல கோர்ட் புகுந்து தடுக்க முடியாது, முடிஞ்சதும் முடிவை எதிர்த்து தேர்தல் மனுதான் போடணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, உள்ளாட்சிக்கும் அரசியல் சாசனம் 243இசட்ஜி பிரிவு அதேதான் சொல்லுது. அந்த மனு முடியறதுக்குள்ள பாதி பதவிக்காலம் போயிடும்.

மத்தது சின்ன விஷயங்கள். 21 வயசு தாண்டியிருக்கணும், கோவை மாநகராட்சியோட 100 வார்டுல எதோட வாக்காளர் பட்டியல்லயாவது உங்க பேர் இருந்தா போதும், முன்மொழியறவர்தான் நீங்க நிக்கற வார்டு வாக்காளரா இருக்கணும். 2022ல மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 2,000. அப்ப கோவைக்கு தேர்தல் செலவு உச்சவரம்பு 85,000. தோத்தாலும் முடிவு வந்த 30 நாளுக்குள்ள செலவு கணக்கு குடுத்தே ஆகணும், குடுக்கலைனா 3 வருஷம் நிக்க முடியாது. டீக்கடை பில்லைக்கூட தூக்கிப் போடாதீங்க.

ஃபர்ம் பதிவானதா இல்லையானு நீங்க எழுதலை, டீட்ல உங்க பங்கு எத்தனை சதவீதம்னும் இல்ல. டீட் ஜெராக்ஸ், நடப்பு ஒர்க் ஆர்டர், சைட் பத்திரம் மூணையும் எடுத்துட்டு உள்ளூர்ல ஒரு வக்கீலை இந்த மாசமே பாருங்க, வார்டு ஒதுக்கீடு அறிவிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.