மதுரைக்கு மெட்ரோ தேவையா, இல்ல முதல்ல சாக்கடையையும் குப்பையையும் பாக்கணுமா?

கேள்வி கேட்டவர் கீழ விளக்கமும் எழுதியிருக்காரு: 2025 நவம்பர்ல மதுரை மெட்ரோ அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு, ஒரு வகையில நல்லதாப் போச்சு, அந்தக் காசை வச்சு சாக்கடை, குடிதண்ணி, குப்பை இதையெல்லாம் சரி பண்ணிரலாமேன்னு.

மதுரைக்காரனா உங்க கோவம் எனக்கும் இருக்குங்க. ஆனா "அந்தக் காசு"ன்னு ஒண்ணு எங்கயும் எடுத்து வைக்கல. திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் 32 கிலோமீட்டர், 11,300 கோடிக்கு மேலன்னு போட்டது மதிப்பீடு மட்டும்தான். இந்த மாதிரி திட்டத்துல மத்திய அரசு ஒரு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு போடும், மீதி பெரும்பகுதி வெளிநாட்டு வங்கிக் கடன். கடன் குடுக்குறவன் ரயிலுக்குன்னு கேட்டா ரயிலுக்குத்தான் குடுப்பான். ரயில் வரலன்னா கடனும் வராது, அவ்வளவுதான், அதுல இருந்து ஒத்த ரூபா மழை வந்தா மூழ்குற செல்லூர் பக்கம் திரும்பாது. (திருப்பி அனுப்புனதுக்கு சொன்ன காரணம் 2017 மெட்ரோ கொள்கைல உள்ள 20 லட்சம் மக்கள்தொகை கணக்கு, 2011 சென்சஸ்படி நமக்கு 15 லட்சம். அதுல உள்ள அரசியலை ரெண்டு கட்சிக்காரங்களும் போதும் போதும்ங்கிற அளவுக்கு பேசிட்டாங்க, நான் வேற எதுக்கு.)

அதனால மெட்ரோவா சாக்கடையான்னு கேக்குறதுலயே ஒரு சிக்கல் இருக்கு. கட்டுறதுக்கு வர்ற காசு வேற, கட்டுனதை வச்சுக் காப்பாத்துறதுக்கு வேண்டிய காசு வேற. முதல் காசு டெல்லில இருந்தும் சென்னைல இருந்தும் ஏ.டி.பி (ஆசிய வளர்ச்சி வங்கி) மாதிரி வங்கில இருந்தும் வரும், ஜி.ஓ (அரசாணை) வரும், கல்வெட்டு வரும், ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவாரு. ரெண்டாவது காசுக்கு இது ஒண்ணும் கிடையாது, நீங்களும் நானும் கட்டுற வீட்டு வரி, தண்ணி வரி, கடை வாடகை இதுல இருந்துதான் பெரும்பாலும் எடுக்கணும். தூர் வார்றது, கூட்டுறது, குழாய் உடைஞ்சா அடைக்கிறது, எரியாத லைட்டை மாத்துறது பூராம் அந்த ரெண்டாவது உண்டியல்லதான் வருது.

இதை நான் கண்ணால பாத்திருக்கேன். கொஞ்ச வருஷம் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட சைட் சூப்பர்வைசரா இருந்தேன். தென் மாவட்டத்துல ஒரு நகராட்சி, பேரு வேணாம். அங்க ஒரு ஸ்கீம்ல பூங்கா கட்டினோம், பேவர் பிளாக் நடைபாதை, சறுக்கு, ஊஞ்சல், நடுவுல கலர் லைட்டு போட்ட நீரூற்று. திறப்பு விழா அன்னைக்கு பந்தல், மைக்செட்டு, சுத்துப்பட்டு பிள்ளைக பூராம் அங்கதான். எங்க பொறுப்புக் காலம் முடியிற வரைக்கும் எது ரிப்பேர்னாலும் நாங்களே பாத்துக் குடுத்தோம், டெபாசிட்டு திரும்ப வரணும்ல. அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல நீரூற்று மோட்டார்ல காயில் போயிருச்சு. காயில் கட்டிப் போட சில ஆயிரம்தான் ஆகும். அங்க இருந்த ஜே.இ (நகராட்சி இளநிலைப் பொறியாளர்) நல்ல மனுஷன், வந்து பாத்துட்டு என்கிட்ட சொன்னாரு, "தம்பி, புது நீரூற்று வேணும்னு எழுதினா அடுத்த ஸ்கீம்ல ஏதாச்சும் வரும். காயில் கட்டணும்னு எந்த செலவுக் கணக்குல எழுதுறது? நகராட்சியோட ஜெனரல் பண்டுல சம்பளமும் கரண்ட் பில்லும் போக என்ன மிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்ல." அப்பறம் அந்தத் தொட்டில மழைத்தண்ணி நின்னு கொசு வச்சு, கொசு மருந்து ஊத்துற அக்கா வாராவாரம் அங்கயும் ஒரு நடை போக வேண்டியதாயிருச்சு. ஏற்கனவே அந்த அக்காவுக்கு தெருக்கணக்குல வேலை, அதோட இது.

பெரிய திட்டம் மேல எனக்கு உள்ள கோவம் இதுதான். அது சாக்கடைக்கு வர வேண்டிய காசைத் தின்னுருச்சுன்னு நான் சொல்லல, ஆனா கட்டி முடிச்சதும் பராமரிப்பு வேலையை எந்தக் காசும் இல்லாத ஆளு தலைல கட்டிட்டுப் போயிருது.

மதுரை ஸ்மார்ட் சிட்டியை எடுத்துக்கோங்க. 2016 செப்டம்பர்ல நம்ம ஊரு பட்டியல்ல வந்துச்சு. விதிப்படி மத்திய அரசு 500 கோடி வரைக்கும் குடுக்கும், அதே அளவு இங்க இருந்தும் போடணும். நடத்துறதுக்கு தனியா ஒரு கம்பெனி. சரி, அடுத்த மாசமே, 2016 அக்டோபர்ல மாநகராட்சி கவுன்சிலோட காலம் முடிஞ்சுபோச்சு, அடுத்த தேர்தல் எப்ப நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 2022 பிப்ரவரி. அதாவது பெரியார் பஸ் ஸ்டாண்டை இடிச்சது, கட்டுனது, சித்திரை வீதில கல்லு பதிச்சது, மாசி வீதியைத் தோண்டிப் போட்டது, வைகைக் கரைல சுவரும் ரோடும் போட்டது, இதுல பெரும்பாலான வேலை நடந்தப்ப ஊருல கவுன்சிலர்னு ஒருத்தர்கூட கிடையாது. "எங்க வார்டுல பாதாளச் சாக்கடையே இல்ல, நீங்க கோயிலைச் சுத்தி கல்லு பதிக்கிறீங்களே"ன்னு எழுந்து நின்னு சத்தம் போட மன்றமே இல்ல. அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு ஊரு அதிகாரிக கையில மட்டும் இருந்துச்சு, அந்த நேரத்துலதான் அம்புட்டு காசும் வந்துச்சு.

அது நடுவூருக்கான திட்டம்ங்கிறதையும் சொல்லணும். 2011ல நம்ம மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 வார்டு ஆச்சு, பரப்பளவு 52 சதுர கிலோமீட்டர்ல இருந்து 148. கிட்டத்தட்ட மூணு மடங்கு. புதுசா சேந்த பக்கம் பூராம் மாநகராட்சி வரி வந்துருச்சு, சாக்கடை வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு அந்தப் பக்கம் குடியிருக்கவங்களைக் கேளுங்க. செப்டிக் டேங்க் லாரிக்கு போன் போடுற நம்பரை அடுப்படிச் செவத்துல எழுதி வச்சிருக்க வீடு எனக்கே தெரியும்.

பெரியார் பஸ் ஸ்டாண்டு நல்லாத்தான் இருக்கு, நான் குறை சொல்லல. பழசு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச யாரும் அதைக் குறை சொல்ல மாட்டாங்க. வைகைக் கரை ரோட்டுலயும் வண்டில போக நல்லாத்தான் இருக்கு, மூக்கை மட்டும் பொத்திக்கணும். கரையைக் கட்டுனாங்க, ஆத்துக்குள்ள வர்ற சாக்கடையை நிறுத்தல. அழகர் எறங்குறதுக்கு முன்னாடி ஆகாயத்தாமரையை அள்ளி, தண்ணியைத் திறந்து விட்டு ஆறு மாதிரி காட்டுவாங்க, திருவிழா முடிஞ்சா மறுபடி பழைய கதைதான்.

இப்ப செல்லூருக்கு வர்றேன், ஏன்னா காசு இல்லாமத்தான் சாக்கடை இப்படி இருக்குன்னு நினைக்கிறவங்க அங்க நடந்ததைப் பாக்கணும். 2024 அக்டோபர் 25ம் தேதி சில மணி நேரம் கொட்டுன மழைல செல்லூர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி. உடனே செல்லூர் கண்மாய்ல இருந்து வைகைக்கு 290 மீட்டர் சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடின்னு முதலமைச்சர் அறிவிச்சாரு. மெட்ரோ மதிப்பீட்டுல ஆயிரத்துல ஒரு பங்குதான் வரும் அது. அதுக்கு யாரும் டெல்லிக்குப் போகல, மக்கள்தொகை கணக்கு பாக்கல. வீட்டுக்குள்ள தண்ணி வந்து டிவில காட்டுனதும் நாள் கணக்குல காசு வந்துருச்சு. அப்ப அதுக்கு முன்னாடி ஏன் வரல? கண்மாய் நீர்வளத்துறையோடது, கழிவுநீர் மாநகராட்சியோடது, கரைல உள்ள ஆக்கிரமிப்புன்னா வருவாய்த்துறை, ஆளாளுக்கு பைலை அடுத்தவங்க பக்கம் தள்ளிக்கிட்டு இருப்பாங்க. அடுத்த வருஷம், 2025 மே 31ம் தேதி முதலமைச்சர் ரோடு ஷோ வந்தப்ப சாக்கடை ஓடுற பந்தல்குடி கால்வாயை துணி போட்டு மறைச்சாங்களே, அது ஊரு பூராம் சிரிச்ச கதை. கடைசில அவரே போயி அந்தக் கால்வாயைப் பாத்தாரு. அந்தத் துணியைக் கட்டுன நேரத்துக்கு நாலு ஆளை இறக்கி குப்பையை வாரியிருக்கலாம்யா.

தூர் வார்றதுன்னு சொன்னா அதுவும் லேசுப்பட்ட வேலை இல்ல. வாரி எடுக்குற சகதியை அப்படியே லாரில ஏத்த முடியாது, ஒழுகும், அதனால கரைல குமிச்சு ரெண்டு மூணு நாள் காய விடுவாங்க. அதுக்குள்ள ஒரு மழை பேஞ்சா பாதி சகதி திரும்ப உள்ள போயிரும். காஞ்ச சகதியை அள்ள இன்னொரு லாரி நடை, அதுக்கு தனி பில். வருஷத்துக்கு ஒரு தடவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி அவசர அவசரமா பண்ணினா இப்படித்தான் ஆகும். மாசாமாசம் நிரந்தர ஆளு வச்சு பண்ணணும், அப்ப சம்பளம் குடுக்கணும், சம்பளம்னா அந்த ரெண்டாவது உண்டியல்.

அந்த உண்டியலோட லட்சணம் என்னன்னா, 2025ல மதுரை மாநகராட்சி சொத்து வரி முறைகேடு புகார் வெடிச்சுச்சு. அதிகாரிகளோட பாஸ்வேர்டை வச்சு கமர்சியல் கட்டிடங்களுக்கு வரியைக் குறைச்சுப் போட்டாங்கன்னு கேஸ், ஊழியர்க கைது, மண்டலத் தலைவர்கள் பூராம் ராஜினாமா, அக்டோபர்ல மேயரும் ராஜினாமா. யாரு குத்தவாளின்னு கோர்ட் சொல்லட்டும். நம்மளுக்கு வேண்டியது ஒரே விஷயம், மெட்ரோ காசு போயி சாக்கடைக்கு வராது, ஆனா இந்தக் காசு நேரா சாக்கடைக்குப் போக வேண்டிய காசு. பெரிய பில்டிங்குக்கு வரியைக் குறைச்சா அந்த அளவுக்கு குப்பை வண்டிக்கு டீசல் இல்ல, கூட்டுற ஆளுக்கு கையுறை இல்ல. மெட்ரோ வரலன்னு போஸ்டர் அடிச்ச அளவுக்கு இதுக்கு போஸ்டர் அடிச்சா தேவலன்னு தோணுது எனக்கு.

அதே 2025 ஜூலைல வந்த ஸ்வச் சர்வேக்ஷன் (ஊர் சுத்தத்துக்கு மத்திய அரசு போடுற தரவரிசை) முடிவுல 10 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை உள்ள 40 ஊர்ல மதுரை 40வது. அந்த சர்வே மார்க் போடுற முறைல ஆயிரம் ஓட்டை இருக்கு, சென்னையே 38வதுதான், அதனால நான் அதை வேதவாக்கா எடுத்துக்கல. ஆனாலும் கடைசி இடம் கடைசி இடம்தான். குப்பை வேலை பெரும்பகுதி தனியார் கான்ட்ராக்டுல ஓடுது, தூய்மைப் பணியாளருங்க சம்பளத்துக்கும் பி.எப்புக்கும் போராட்டம் பண்றது பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கு. ஊரு சுத்தமா இல்லன்னு பேசுறவங்க அவங்க கூலி என்னன்னு கேக்குறதே இல்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு "அப்ப பெரிய திட்டமே வேணாம்ங்கிறீங்களா"ன்னு கமெண்ட்ல வராதீங்க. நம்ம ஊருக்கு வந்ததுலயே பெரிய திட்டங்கள்ல ஒண்ணு குடிதண்ணிதான். தேனி மாவட்டம் லோயர் கேம்ப்ல முல்லைப்பெரியாறு தண்ணியை எடுத்து, பண்ணைப்பட்டில சுத்திகரிச்சு, குழாய்லயே மதுரைக்கு நாளைக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டு வர்ற திட்டம், ஆயிரம் கோடிக்கு மேல. 2020 டிசம்பர்ல அடிக்கல். ஆத்துல திறந்து விட்டா வழியிலயே பாதி போயிரும், குழாய்ல வந்தா போகாது, ரொம்ப சரியான யோசனை. கம்பம் பக்கத்து விவசாயிக எதிர்த்தாங்க, அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. ஆனா இதுக்காக தோண்டுன தெருவை எத்தனை மாசம் கழிச்சு மூடுனாங்க, மூடுன மண்ணு எத்தனை மழைல உள்வாங்குச்சு, தினமும் ரோட்டுல அடி வாங்குன டூவீலர்காரங்களுக்குத்தான் தெரியும். திட்டத்துக்கு காசு இருந்துச்சு, தெருவைத் திரும்பப் போடுற காசு வேற பைல்ல, வேற டெண்டர்ல இருந்துச்சு.

அதனால மெட்ரோ மறுபடி வந்தா நான் எதிர்க்க மாட்டேன். அது வருமா வராதாங்கிறது நம்ம கையிலயும் இல்ல, மாநகராட்சி கையிலயும் இல்ல. நம்மளால கேக்க முடிஞ்சது வார்டு அளவுலதான். 2022ல இருந்து ஏரியா சபைன்னு வார்டு மக்கள் கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்கு, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல கூட்டுறாங்க, அங்க போயி "எங்க வார்டுல கட்டுனது என்னென்ன, அதுல ஒவ்வொண்ணையும் பாத்துக்க இந்த வருஷம் எவ்வளவு எடுத்து வச்சிருக்கீங்க"ன்னு கேளுங்க. பதில் எழுத்துல வேணும்னு கேளுங்க. புது பூங்கா வேணும்னு மனு குடுக்குறதை விட இதுக்கு உடனே முகம் மாறும்.

இந்த மெட்ரோ சண்டைல பஸ்ஸைப் பத்தி பேச ஆளே இல்லங்கிறது இன்னொரு வருத்தம். இப்போதைய பயணிகள் அளவுக்கு பி.ஆர்.டி.எஸ் (பஸ்ஸுக்குன்னு தனிப் பாதை) பாக்கலாம்னு ஒரு கருத்து வந்துச்சு, உடனே அது மதுரையை அவமானப்படுத்துறதுன்னு ஆயிருச்சு. காலைல எட்டரை மணிக்கு கோரிப்பாளையத்துல நின்னு பாருங்க, ரெண்டு பஸ் நிறைய ஆளு ஒரு பஸ்ல படில தொங்கிக்கிட்டு போகுது. மெட்ரோ இன்னைக்கே அனுமதி வாங்கினாலும் முதல் ரயில் ஓட வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் ஒத்தக்கடைக்கும் திருமங்கலத்துக்கும் இவங்க பஸ்லதான் போகணும்.