கால் முறிந்த குதிரைக்குப் பசை மட்டும் போதாது

மாங்குளத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகளுக்கு அவளுடைய சித்தப்பா கனடாவிலிருந்து கொண்டு வந்த பிரேயர் பொம்மைக் குதிரை விழுந்து, முன்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. சுப்பர் குளூ போட்டேன், இரண்டு தரமும் கழன்றுவிட்டது. ஒரு காதின் நுனியைக் காணவில்லை. பின்கால் ஒன்றும் வளைந்து, குதிரை சாய்கிறது. வீட்டிலேயே திருத்தலாமா?”

தாராளமாகத் திருத்தலாம். சுப்பர் குளூ கழன்றதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், பக்கவாட்டில் ஒரு தட்டுப் பட்டாலே விட்டுவிடும். குதிரையின் பாரம் முழுவதும் மெல்லிய நான்கு கால்களில்தான் நிற்கிறது. அதனால் முறிந்த காலுக்குள்ளே ஒரு கம்பி இருந்தே ஆகவேண்டும்.

முதலில் பொருளை உறுதிப்படுத்துங்கள். பிரேயர் என்பது பொம்மைக் குதிரைகள் செய்யும் அமெரிக்க நிறுவனம், பெரும்பாலும் பின்காலின் உட்பக்கத்தில் அதன் முத்திரை இருக்கும். அவர்களின் பெரிய குதிரைகள் பெரும்பாலும் செலுலோஸ் அசிற்றேற் என்ற பிளாஸ்ரிக்கில் செய்தவை. உள்ளே வெறும் கூடு, அதனால் பாரம் குறைவு. கையில் கனமாக இருந்து, முறிந்த இடம் சுண்ணாம்பு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்த வேறு வகைப் பொருள். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் நகப்பூச்சு அகற்றும் அசிற்றோன் பழைய பசையைக் கரைக்கும், ஆனால் செலுலோஸ் அசிற்றேற்றையும் சேர்த்தே கரைத்துவிடும். உங்கள் குதிரைக்கு அது வேண்டவே வேண்டாம். பழைய பசையை பிளேட் நுனியால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே வளைந்த காலை நிமிர்த்திவிட வேண்டும். ஒட்டிய பிறகு சுடுநீரில் வைத்தால் புதிய ஒட்டும் இளகும். கொதிக்காத சுடுநீரில் அந்தக் காலை மட்டும் ஓரிரு நிமிடம் வையுங்கள். பிளாஸ்ரிக் இளகியதும் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்நீரில் வையுங்கள். ஒரே தடவையில் வளைக்க நினைக்காதீர்கள். உடம்பை நனைக்கவும் கூடாது: உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், வாய் அல்லது மூக்கில் சிறு துளை இருந்தால் நீரும் உள்ளே போகும்.

இனி கம்பி. மெல்லிய காலுக்கு நிமிர்த்திய பேப்பர் கிளிப் போதும். தொடைப்பகுதி போலத் தடித்த இடம் என்றால் சைக்கிள் கடையில் கழித்துப் போடும் ஸ்போக் கம்பி அருமையானது. இரண்டு துண்டுகளிலும் துளை நேருக்கு நேர் வரவேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு துண்டின் முறிந்த பரப்பின் நடுவில் பெயின்ற் பொட்டு வைத்து, மற்றத் துண்டை அதன்மேல் சரியாகப் பொருத்தி எடுத்தால் அதிலும் அடையாளம் விழும். கம்பியின் தடிப்புக்கு ஏற்ற சின்ன ட்ரில் அலகை, அடியில் ரேப் சுற்றி விரலாலேயே திருகுங்கள். மின்சார ட்ரில் இந்தச் சின்னக் காலைப் பிளந்துவிடும். சூடாக்கிய ஊசியால் குத்தினால் துளை கோணலாகும், புகையும் கெடுதல். ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் ஆழம் கிடைத்தால் நல்லது. கம்பியை அரத்தால் சொரசொரப்பாக்கி, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.

பசைக்கு அரல்டைற் போன்ற இரண்டு ரியூப் எப்பொக்சி. இரண்டிலும் சம அளவு எடுத்து நன்றாகக் குழையுங்கள். வன்னி வெக்கையில் அது கெதியாக இறுகும். ஐந்து நிமிட வகையை விட மெதுவாக இறுகும் வகைதான் நல்லது, காலை நேராக்க அவகாசம் கிடைக்கும். துளைகளிலும் கம்பியிலும் பூசிப் பொருத்தி, பிதுங்குவதை உடனே துடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு பேசினில் அரிசியைக் கொட்டி, குதிரையை முதுகுப்பக்கமாக அதில் புதைத்து வையுங்கள். எந்தக் கோணத்தில் வைத்தாலும் அரிசி அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு முழுநாள் தொடவேண்டாம், மகள் எவ்வளவு கேட்டாலும்.

காதுக்கு சுப்பர் குளூ நன்றாகவே உதவும். ஒரு துளி விட்டு, மேலே அப்பச்சோடா தூவினால் உடனே கல்லாகிவிடும். அப்படி அடுக்கடுக்காக உயர்த்தி, சாண்ட் பேப்பரால் உரஞ்சி வடிவம் கொடுங்கள். இறுகும்போது சூடு வரும், நெடியும் வரும், அதனால் விறாந்தையில் இருந்து செய்யுங்கள். இந்த வேலையில் பிள்ளையைச் சேர்க்கவேண்டாம்.

நிறம் பூச அக்ரிலிக் வாங்குங்கள். பாடசாலை வோட்டர் கலர் வியர்த்த கை பட்டாலே போய்விடும். அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும், ஆகவே ஒரு படி வெளிறலாகக் கலந்து, திருத்திய இடத்தில் மட்டும் மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சுப் பூசுங்கள். முழுக்குதிரைக்கும் பூசினால் சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்புக் குறையும். எனக்கும் அந்தப் பழைய நிறம் போவது மனதுக்கு ஒப்பாது.

பின்கால் வளைந்ததற்கு வெக்கை காரணமாக இருக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல்தட்டிலும், வெயில் விழும் யன்னலோரத்திலும் வைக்காதீர்கள். குதிரையிலிருந்து எப்போதாவது வினாகிரி மணம் வந்தால் பிளாஸ்ரிக்கே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். அதை நிறுத்த வழியில்லை. மற்றக் குதிரைகளிலிருந்து பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.