நீர்மூழ்கியின் கருணை – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில் கடலில் விழுந்த குண்டுவீச்சு விமானிகளை அமெரிக்க நீர்மூழ்கிகள் மீட்டதைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். பின்னாளில் அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ் அப்படிப் பிழைத்தவர்தான் என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரு விமானிக்காக எண்பது பேர் இருக்கும் கப்பலைப் பணயம் வைப்பது மேற்கின் மனிதநேயம் அல்லவா? தன் விமானிகளையே வெடிகுண்டாக்கி அனுப்பிய ஜப்பானிடம் அது ஏன் இல்லை? நம்மிடம் ஏன் இல்லை? இதையொட்டி ‘கருணையின் கப்பல்கள்’ என்று ஒரு கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சில வாரங்களாகவே ரிச்சர்ட் ஒகேன் என்ற நீர்மூழ்கி கேப்டன் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்துபோக மறுக்கிறார். உங்கள் கட்டுரையிலும் அவர் வருகிறார். ஆனால் பாதி ஆள்தான் வருகிறார்.

முதலில் சில்லறை விஷயங்கள். ‘நம்மிடம் ஏன் இல்லை’ என்பதற்குப் பதில் சொல்வதாக இல்லை. எதைப் படித்தாலும் கடைசியில் அந்தக் கேள்வியை ஒட்டுவது நம் இளைஞர்களுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ஜப்பானைப் பற்றிய வரியை அடித்துவிடுங்கள். பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோதே, அடிபட்ட விமானங்கள் ஹவாயின் நிஹாவ் தீவில் இறங்க வேண்டும், நீர்மூழ்கி வந்து விமானியை ஏற்றிக்கொள்ளும் என்று ஜப்பானியக் கடற்படை ஏற்பாடு செய்திருந்தது. நிஷிகாய்ச்சி என்ற விமானி அதை நம்பி இறங்கினார். நீர்மூழ்கி வரவில்லை. ஒரு வாரத்துக்குள் அந்தத் தீவிலேயே அவர் கதை முடிந்தது. அமெரிக்கர்கள் இந்த வேலையை முறையாகத் தொடங்கியதே 1943இல்தான். கீழே ஒரு கப்பல் காத்திருக்கிறது என்று தெரிந்தால் விமானிகள் மனம் தளராமல் பறப்பார்கள் என்பது அதைக் கேட்டு வாங்கிய பௌனால் என்ற தளபதியின் வாதம். போர்க்கணக்குதான். போர் முடிவதற்குள் 504 விமானிகளை மீட்டார்கள். புஷ்ஷைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 1944 செப்டம்பர் 2 அன்று சிச்சிஜிமா என்ற ஜப்பானியத் தீவின் அருகே அவரோடு விழுந்த விமானத்தில் இன்னும் இருவர் இருந்தார்கள், இருவருமே பிழைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையா?

இனி, நீங்கள் சரியாக உணர்ந்த இடம். நீர்மூழ்கிக்கு ஒளிந்திருப்பதுதான் ஒரே கவசம். மீட்புப் பணியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டப்பகலில், எதிரியின் தீவுக்கு எதிரே மிதந்து நிற்க வேண்டும். குவாமில் கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருந்ததால் ஸ்டிங்ரே என்ற நீர்மூழ்கி மேலே வர முடியவில்லை. நீருக்கு மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப் குழாயை மட்டும் நீட்டிக்கொண்டு விமானியை நெருங்கியது. பலமுறை தவறவிட்ட பிறகு அவர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொள்ள, அப்படியே கரையை விட்டு விலக்கி இழுத்துச் சென்றார்கள்.

விசாகப்பட்டினக் கடற்கரையில் குருசுரா என்ற பழைய நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான ஓட்டைதான் வழி. முதலில் ஒரு காலை விட்டு, பிறகு தலையைக் குனிந்து, உடம்பை மடித்து நுழைய வேண்டும். எனக்குப் பின்னால் வந்த பருத்த மனிதர் பாதியில் நின்றுவிட்டார். வழிகாட்டியாக இருந்த முன்னாள் கடற்படைக்காரர் சிரிக்காமல், “மூச்சை விடுங்கள், வந்துவிடுவீர்கள்” என்றார். ஒகேனின் டாங் கப்பலும் ஏறக்குறைய அதே நீளம். அதில் எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். 1944 ஏப்ரல் 30இலும் மே 1இலும் பசிபிக் கடலில் ஜப்பானியத் தளமாக இருந்த ட்ரூக் தீவுகளருகே அவர்களுக்கு நடுவே 22 விமானிகளை ஏற்றிக்கொண்டார் ஒகேன். பர்ன்ஸ் என்பவர் தன் சிறிய மிதவை விமானத்தின் இறக்கைகளில் ஆட்களைத் தொற்றவைத்து, பறக்க வழியில்லாமல் தண்ணீரிலேயே ஓட்டிக்கொண்டு வந்து டாங்கிடம் ஒப்படைத்ததை அருமையாக எழுதியிருக்கிறீர்கள். பொறாமையாகவே இருந்தது.

ஆனால் அதே ஒகேன் 1943 ஜனவரி 26 அன்று எங்கே இருந்தார் தெரியுமா? வாஹூ என்ற நீர்மூழ்கியில், கேப்டன் மோர்ட்டனுக்கு அடுத்த அதிகாரியாக. நியூகினிக்கு வடக்கே புயோ மாரு என்ற ஜப்பானியப் படைக்கப்பலை மூழ்கடித்தார்கள். பிறகு மேலே வந்து, படகுகளில் இருந்தவர்களை நோக்கித் துப்பாக்கிகளைத் திருப்பினார்கள். அங்கிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்பது மோர்ட்டன் தரப்பு. தப்பும் படைவீரர்கள் கரை சேர்ந்தால் நாளை நம்மைச் சுடுவார்கள் என்பது அவர்கள் நியாயம். ஆனால் அந்தக் கப்பலில் சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தார்கள், பஞ்சாப் படைப்பிரிவினர். இறந்தவர்களில் 195 பேர் இந்தியர்கள். டார்ப்பிடோ என்ற நீரடிக் குண்டில் எத்தனை பேர், துப்பாக்கியில் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. மோர்ட்டனுக்குப் பதக்கம் கிடைத்தது.

நாளை வந்து சுடுவான் என்பது கொல்வதற்கு நியாயமென்றால், நாளை போய்க் குண்டு போடுவான் என்பதுதானே மீட்பதற்கும் நியாயம்? 1945இல் ஜப்பானிய நகரங்களை எரிக்கப்போன பி-29 விமானங்களுக்காகவும் வழியெங்கும் நீர்மூழ்கிகள் காத்து நின்றன. மார்ச் 10 அன்று ஓர் இரவில் டோக்கியோவில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ‘மனிதநேயம்’ என்று ஏழு இடங்களில் எழுதியிருக்கிறீர்களே, அதில் ஓர் இடத்திலாவது பேனா தயங்கியிருக்க வேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒகேனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல என் ஆசை. 1944 அக்டோபரில் தைவான் நீரிணையில் டாங் ஏவிய கடைசி டார்ப்பிடோ வளைந்து திரும்பி அதன்மேலேயே பாய்ந்தது. 87 பேரில் பிழைத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களை ஜப்பானிய ரோந்துக் கப்பல் ஒன்று பிடித்து ஏற்றியது. ஏற்றி, அடித்து உதைத்தார்கள். அடித்தவர்கள் யார் என்று பார்த்தால், டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து வெந்த உடம்போடு தப்பியவர்கள். அது புரிந்தபின் அந்த அடிகளை அவ்வளவு மனக்கசப்பில்லாமல் தாங்கிக்கொள்ள முடிந்தது என்று ஒகேனே எழுதியிருக்கிறார். மீட்பைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுதிய போர்வீரர் எவரையும் நான் படித்ததில்லை. உங்கள் கட்டுரையில் இது இல்லை. ட்ரூக்கோடு ஒகேனுக்கு விடைகொடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

உங்களுக்கு நடை இருக்கிறது கார்த்திக், அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். ட்ரூக் பகுதிக்கு முன்னால் புயோ மாருவுக்கு ஒரு பத்தி, பின்னால் அந்த ரோந்துக் கப்பலுக்கு ஒரு பத்தி சேருங்கள். புஷ் பாதியாகக் குறையட்டும். தலைப்பையும் மாற்றி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.