சொல்லுக்கு அரை சென்ட்

அன்புள்ள ஐயா,

கோனன் என்ற வாள்வீரனைப் படைத்த அமெரிக்கர் ராபர்ட் ஈ. ஹோவர்டைப் பற்றி நீங்கள் முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அர்னால்ட் நடித்த படத்தால் எனக்குக் கோனனைத் தெரியும். உங்கள் வரிகளுக்குப் பிறகுதான் கதைகளைத் தேடிப் படித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் எழுதிக் குவித்ததைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வாளும் மந்திரமும் கலந்த சாகசக் கதைகள் போக, குத்துச்சண்டை, கௌபாய், பேய், சரித்திரம் என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதியவரை எழுத்தாளர் என்பதா, எழுத்துக் கூலி என்பதா? நானும் ஒரு செயலியில் தினம் ஓர் அத்தியாயம் தொடர்கதை எழுதுகிறேன். இப்படி எழுதினால் எழுத்து நீர்த்துப்போகும் என்கிறார்கள் நண்பர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

ஹோவர்ட் எழுத்தாளர்தான். நிறைய எழுதியதும் காசுக்கு எழுதியதும்தான் அவரை அப்படி ஆக்கின என்பது என் எண்ணம்.

1906-இல் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்த கிராமத்து டாக்டர். கடைசியில் குடும்பம் நிலைத்த கிராஸ் ப்ளெயின்ஸ் சின்ன ஊர். அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டக் கூட்டம் வந்தது, கூடவே அடிதடியும் வந்தது. எண்ணெய்க் கிணற்றுச் செய்தி எழுதுவது, சுருக்கெழுத்து, மருந்துக்கடையில் சோடா ஊற்றிக் கொடுப்பது என்று கிடைத்த வேலையையெல்லாம் ஹோவர்ட் செய்து பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. 1924-இல், பதினெட்டு வயதில், விசித்திரக் கதைகளை வெளியிட்ட 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகை அவருடைய கதை ஒன்றை எடுத்துக்கொண்டது. சொல்லுக்கு அரை சென்ட், மொத்தம் 16 டாலர்.

தட்டச்சு செய்யும்போதே வாக்கியங்களை உரக்கச் சொல்வாராம், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்குமாம். அவருடைய சண்டைக் காட்சிகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இது ஏன் என்று புரியும். எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாக்கியம் நிற்கும். அவர் கவிதையும் ஏராளமாக எழுதியவர். காசு வராது என்று தெரிந்தும் எழுதினார்.

உங்கள் கேள்விக்கான பதில் ஒரே ஒரு கதையில் இருக்கிறது. கோனனுக்கு முன் குல் என்றொரு அரசனை வைத்து ஹோவர்ட் கதைகள் எழுதினார். அதில் ஒன்றில் பிரபுக்கள் சிலர் அரசனைக் கொல்லச் சதி செய்கிறார்கள். நடுவில் ஓர் அடிமைப் பெண்ணின் காதல். அவளை அவள் காதலன் மணக்கச் சட்டம் தடையாக நிற்கிறது. சட்டம் பொறித்த கற்பலகையைக் குல் கோடரியால் உடைத்தெறிகிறான். அந்தக் கதையைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன.

1932-இல் அதே கதையைத் திரும்ப எடுத்தார். சதியை வைத்துக்கொண்டார், காதலை முழுக்க வெட்டினார். சதிகாரன் ஒருவனிடம் அடிமையாக இருக்கும் மந்திரவாதியைக் கொண்டுவந்தார். தன் மோதிரம் தொலைந்ததால் சக்தியிழந்து கிடப்பவன் அவன். எப்போதோ இறந்துபோன ஞானி ஒருவர் அரசனின் வாளில் ஃபீனிக்ஸ் பறவையை வரைகிறார். குல் போய்க் கோனன் வந்தான். 'வியர்ட் டேல்ஸ்' ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் சில திருத்தங்கள் கேட்க, அதையும் செய்து கொடுத்தார். டிசம்பர் 1932 இதழில் 'தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வோர்ட்' வந்தது. கோனனின் முதல் கதை அதுதான்.

அதில் கோனன் அறிமுகமாகும் இடத்தைக் கவனித்தீர்களா? கையில் வாள் இல்லை. தந்த மேசைமேல் குனிந்து, தன் முரட்டுக் கைக்குப் பொருந்தாத ஒரு சின்ன எழுதுகோலால் வரைபடம் வரைந்துகொண்டிருக்கிறான். அரண்மனை வரைபடங்களில் தெற்கும் கிழக்கும் மேற்கும் சரியாக இருக்கின்றன, தான் பிறந்த வடக்கு மட்டும் மங்கலாக இருக்கிறது, அதைத் தானே நிரப்புகிறேன் என்கிறான். அரியணையில் உட்கார்ந்தும் ஊர் மறக்காதவன். எத்தனையோ கதை எழுதிப் பழகிய கைக்குத்தான் இப்படி ஒரு தொடக்கம் வரும்.

எல்லாக் கதையும் இப்படியல்ல. 1933-இல் வந்த 'தி ஸ்லிதரிங் ஷேடோ' போன்றவை அட்டைப்படத்தை மனத்தில் வைத்து அவசரமாகச் செய்தவையாகவே எனக்குப் படுகின்றன. கறுப்பின மக்களைப் பற்றிய வரிகள் பலவற்றை இன்று கூசாமல் படிக்க முடியாது. அதை மூடி மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கதை அச்சானதும் பணம் என்பது 'வியர்ட் டேல்ஸ்' பேச்சு. 1935 மே மாதம் ரைட்டுக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு வரவேண்டிய பாக்கி 800 டாலருக்கு மேல் என்று சொல்லிக் கெஞ்சுகிறார். காசநோயில் கிடந்த அம்மாவின் வைத்தியச் செலவு கழுத்தை நெரித்தது. அந்தக் கடிதத்தைப் படித்தபின் 'எழுத்துக் கூலி' என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை. அதே வருடம்தான் 'ரெட் நெய்ல்ஸ்' எழுதினார். பூட்டிய நகரம் ஒன்றுக்குள் இரண்டு கூட்டம் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கிறது. எதிரி ஒருவன் செத்தால் கறுப்புத் தூணில் ஒரு சிவப்பு ஆணி. உள்ளே போகும் கோனனுக்கு அந்தத் தூணைக் காட்டுகிறார்கள். அவர் எழுதிய கடைசிக் கோனன் கதை அது.

1936 ஜூன் 11 அன்று, நினைவிழந்து கிடந்த அம்மா இனிக் கண் திறக்கமாட்டார் என்று தெரிந்ததும், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது முப்பது. மறுநாள் அம்மாவும் போய்விட்டார். இந்த முடிவை வைத்து அவர் கதைகளுக்கு அர்த்தம் சொல்பவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பின்னால் எல். ஸ்ப்ராக் டி கேம்ப், லின் கார்ட்டர் போன்ற எழுத்தாளர்கள் அவருடைய கதைகளைத் திருத்தியும், அரைகுறைகளை முடித்தும், சொந்தமாகச் சேர்த்தும் கோனனை நூல்வரிசையாக்கினார்கள். 1966-இலிருந்து ஓவியர் ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவின் அட்டைகளோடு வந்த மலிவுப் பதிப்புகள்தான் கோனனைப் பரவலாக்கின. 'வாளும் மந்திரமும்' என்று நாம் சொல்லும் பெயரையே எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் லைபர் 1961-இல்தான் வைத்தார். ஹோவர்டுக்கு அது தெரியாது. பிறர் கைபடாத மூலப் பிரதிகள் 2003-இலிருந்து டெல் ரே பதிப்பகத்தின் நூல்களாகக் கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள்.

தினம் ஓர் அத்தியாயம் தாராளமாக எழுதுங்கள். வாசகர் கண்டுகொள்ளாமல் விட்ட அத்தியாயம் ஒன்று உங்களிடம் இருக்கும். அதில் எந்த இழையை வெட்டலாம் என்று பாருங்கள். அதற்கு முன் அந்தக் குல் கதையையும் ஃபீனிக்ஸ் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குல் கதையின் பெயர் 'பை திஸ் ஆக்ஸ் ஐ ரூல்!' படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.