நெருக்கடி காலத்தில் பெட்ரோல் வரியை ஏற்றினால் சிக்கனம் வருமா?

வரும், ஆனால் மெதுவாக. பஸ், ரயில் வசதி இல்லாத இடத்தில் விலை ஏறினால், மக்கள் முணுமுணுத்துக்கொண்டே அதே அளவு எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். கோலாலம்பூரில் 50 ரிங்கிட் மாதப் பாஸ் இருப்பதால் மாற்று வழி உண்டு.

மலேசியாவில் எண்ணெய்க்கான அரசு உதவித்தொகையைக் குறைப்பதே வரி ஏற்றுவதற்குச் சமம். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. லாரி வாடகை ஏறினால் காய்கறி விலையும் கூடவே ஏறுமே! அதனால் பதிவு செய்த சரக்கு வண்டிகளுக்குத் தனி அட்டையில் பழைய விலை. தகுதியுள்ள தனிநபர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் ரொக்கம். இந்த ரொக்கம்தான் சாமர்த்தியமான பகுதி. எண்ணெயை மிச்சம் பிடித்தாலும் பணம் கையில் நிற்கும்.

2025 செப்டம்பர் 30-இல் பூடி95 என்ற பெட்ரோல் உதவித் திட்டம் எல்லோருக்கும் திறந்தபோது ஒரு மைகார்டுக்கு (அடையாள அட்டைக்கு) மாதம் 300 லிட்டர், லிட்டர் 1.99 ரிங்கிட். அப்போது பணக்காரருக்கும் அதே 300 லிட்டர் என்பதால் சிக்கனத்துக்கு அதில் பெரிய தூண்டுதல் இருக்கவில்லை.

வண்டியில் உடனே செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பினாங்கு போகும் நெடுஞ்சாலையில் 110-க்குப் பதில் 90-இல் போனால் அந்தத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பாருங்கள். சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், போதும் என்று ஏமாந்துவிடுவோம். சரியான அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். வீட்டில் ஏர்கோனை 24-இல் வையுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள்.