பனி என்றால் காய்ச்சல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். குமுளி, கட்டப்பனைப் பக்கத்து மலையாளிகளும் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தாரும் நிறைய வருகிறார்கள். ஹிந்தியை எங்கிருந்து தொடங்குவது? மலையாளம் தமிழ் மாதிரிதானே, அதையும் தனியாகப் படிக்கணுமா?
- ஸ்டாஃப் நர்ஸ், திருமங்கலம்

பதில்: தமிழ் மாதிரி இருப்பதுதான் வம்பே. ஹிந்தி புரியவில்லை என்றால் உடனே ஆள் தேடுவீர்கள். மலையாளம் புரிந்த மாதிரியே இருக்கும். 'ரண்டு திவசமாயி பனி' என்றால் பனி அங்கே காய்ச்சல். 'சும' என்பது இருமல். அவசரத்தில் 'சும்மா' என்று காதில் விழும். எல்லாவற்றிலும் ஆபத்து 'நெஞ்சுவேதன'. வேதன என்றால் அவர்களுக்கு உடல்வலி. ஏதோ மனக்கஷ்டம் என்று உட்கார வைத்துவிட்டால், ஈசிஜி எடுக்க வேண்டியவர் பெஞ்சில் காத்திருப்பார். மலையாளத்துக்கு முதலில் இப்படி ஏமாற்றும் சொற்களின் பட்டியல்தான் வேண்டும், இலக்கணம் அப்புறம்.

ஹிந்தியில் கேள்விகளை மனப்பாடம் செய்யாதீர்கள். சரளமாகக் கேட்டால் பதிலும் மடமடவென்று வரும், பிடிக்க முடியாது. பதில் விரலிலோ எண்ணிலோ வரும்படி கேளுங்கள். 'ஏக் உங்லீ ஸே திகாயியே' என்றால் வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டுவார். 'கித்னே தின் ஸே?' என்றால் எத்தனை நாளாக. இதற்கு ஒன்று முதல் பத்து வரை தெரிந்தால் போதாது. டேட் என்றால் ஒன்றரை, டாயீ என்றால் இரண்டரை. 'டாயீ' எந்த எண்ணின் சாயலிலும் இல்லாததால் தனியாக மனதில் ஏற்ற வேண்டும்.

'கல்' என்ற சொல் நேற்றுக்கும் நாளைக்கும் பொது. 'கல் ஸே புகார் ஹை' என்றால் நேற்றிலிருந்து காய்ச்சல். அதே சொல்லை நம்பி மறுபடி வரச் சொல்லாதீர்கள். தேதியைச் சீட்டில் எண்ணில் எழுதிக் கொடுங்கள்.

ஹிந்தி 'ஸர்தீ' ஜலதோஷம், மலையாள 'சர்தி' வாந்தி. இரண்டு மொழியையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் இதில்தான் மாட்டுவீர்கள்.

சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிப்பதும் அரைகுறைதான். ஹிந்தியில் உச்சரிப்பு வேறு வேறு, நம் எழுத்திலோ சாப்பாடும் 'கானா', பாட்டும் 'கானா'. தெரிந்தவரைப் பேசச் சொல்லி செல்போனில் பதிவு செய்து காதால் படியுங்கள். டூட்டி மாறும்போது 15 நிமிடம், ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் நர்ஸாகவும் பேசிப் பார்த்தால், நோயாளியாக நடிப்பவர்தான் அதிகம் கற்றுக்கொள்வார்.

கேள்வி: வடமாநிலத் தொழிலாளி வந்தால் கூட வருகிற சூப்பர்வைசரே தமிழில் சொல்லிவிடுகிறார். போதாதா?
- வாசகர், மேலூர்

பதில்: பெயர், ஊர் கேட்க அவர் போதும். எப்படி விழுந்தார், குடிப்பழக்கம் உண்டா, முன்பு டிபி மருந்து சாப்பிட்டாரா என்றெல்லாம் கேட்கும்போது அவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். சம்பளம் கொடுக்கிற ஆள் முன்னால் யார் உள்ளதைச் சொல்வார்? சின்னப் பிள்ளைகளையும் இழுக்காதீர்கள். அந்த மொழி தெரிந்த வேறொரு ஊழியரை ஸ்பீக்கர் போனில் பிடித்து, நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வாக்கியம், அதற்கு மேல் போனால் நடுவில் ஒன்று விழுந்துவிடும். கேஸ் ஷீட்டில் யார் மொழிபெயர்த்தார் என்று குறித்துவிடுங்கள்.

'ஸமஜ் கயே?' என்று கேட்டால் புரியாதவரும் தலையாட்டுவார். மாத்திரையைக் கையில் கொடுத்து, 'ஆப் யே தவா கைஸே லேங்கே?' என்று கேளுங்கள். 'கானே கே பாத்' (சாப்பாட்டுக்குப் பின்) என்று அவர் வாயிலிருந்து வந்தால் சரி. வராவிட்டால் மறுபடி சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி நர்சிங் முடித்தவள். ஜெர்மனி போக ஆறு மாதத்தில் ஜெர்மன் மொழியில் பி2 நிலை (ஆறு நிலைகளில் நான்காவது) முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். பி2 எட்ட 45 நிமிட வகுப்பு 600 முதல் 800 வரை ஆகும் என்பது ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்கு. 600 என்றே வைத்தாலும் ஆறு மாதத்தில் வாரத்துக்கு 23 வகுப்பு. வேலையை விட்டுவிட்டுப் படித்தால் முடியும், நைட் டூட்டியோடு முடியாது. கோத்தே பி2 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். பணம் கட்டும் முன், கட்டணம் எந்த நிலை வரைக்கும், தேர்வுக் கட்டணம் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.